இருபத்து மூன்று பேர் இருந்த கார்டு

நம் வயதுக்காரர்களுக்கு மெமரி கார்டு என்றால் விளக்கம் வேண்டாம். பிள்ளைகள் யாராவது படித்தால் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன். கறுப்பாக இருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் வாய் மாதிரி திறந்திருக்கும். உள்ளே பித்தளைப் பல் வரிசை. கேம் செட்டில் அதைச் சொருகினால்தான் நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று விளையாடலாம். சொருகாவிட்டால் தினமும் முதலிலிருந்து. இப்போது அதெல்லாம் எங்கேயோ தானாகச் சேர்ந்துகொள்கிறது. நம் காலத்தில் அது யாராவது ஒருவர் கையில் இருந்தது.

அந்த வருடம் எங்கள் வீட்டில் என் கையில் இருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்புத் தேர்வு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதை நிறுத்தியிருந்தார்கள். போவோம், உட்காருவோம், வருவோம். வீடு சிம்பாங் ரெங்கம் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். அம்மா நாற்றுமேடையில் பைகளில் மண் நிரப்பினார். அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். பள்ளி முடிக்கிற ஐந்தாம் படிவத் தேர்வில் தவறிவிட்டான். டவுனில் டயர் கடையில் சேர்ந்திருந்தான். அப்பா அவனோடு அதிகம் பேசுவதில்லை. பேசினால் மூன்று வார்த்தை. சாப்பிட்டியா. எங்க போற. அந்தப் பெட்டிய நிறுத்து.

பெட்டி என்றது கேம் செட்டை. பழைய செட். சிப் போட்டது, அதனால் பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், விற்கிற எந்த டிஸ்கும் ஓடும். அண்ணனிடம் ஒரே ஒரு பந்து விளையாட்டு டிஸ்க்தான். ஜப்பானிலிருந்து வந்த கேம். யாரோ அதைப் பிரித்து, மலேசிய மாநில டீம்களின் சட்டையை உள்ளே ஏற்றியிருந்தார்கள். மோட் என்ற வார்த்தை அப்போது எங்களுக்குத் தெரியாது. மாத்தின டிஸ்க் என்போம்.

எழுத்து எல்லாம் ஜப்பான் எழுத்து. ஒன்றும் படிக்க முடியாது. இடத்தை வைத்து மனப்பாடம் செய்திருந்தோம். கீழே மூன்று, வலது பக்கம் ஒன்று, வட்டப் பொத்தான். டீம் திறக்கும். வட்டம் என்றால் சரி. பெருக்கல் குறி என்றால் வேண்டாம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

இப்போது கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோட்டமும் ஆயர் ஈத்தாம் சாலையில் இருந்த பக்கத்துத் தோட்டமும் பந்து ஆடும். கப் ஒரு வருடம் இங்கே இருக்கும், ஒரு வருடம் அங்கே. அந்த வருடம் கம்பெனி எங்கள் திடலின் நடுவில் பள்ளம் தோண்டிக் குழாய் இறக்கியது. மூடவில்லை. மழை வந்து பள்ளம் நிரம்பியது. பக்கத்துத் தோட்டத்தில் திடலே இல்லை. அதில் எப்போதோ செம்பனை நட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு மாமா இருந்தார். பகலில் செம்பனைக் குலை வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கோல் கம்பத்தில் நிற்பார். அவரைக் கோல்கீப்பர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பள்ளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்.

"திடல் இல்லன்னா என்ன லா. டிவில ஆடிப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான்.

அந்தக் கேமில் ஆட்களை மாற்றலாம். பெயர், உயரம், முடி, நிறம், எந்தக் கால், எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் உதைப்பான், எல்லாம் எண்ணாகப் போட வேண்டும். அண்ணன் எங்கள் தோட்டத்து ஆட்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்தான். அடுப்படிச் சுவரில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டு உயரம் எடுத்தான். பிறகு டிவி முன்னால் உட்கார்ந்து ஆளை உண்டாக்குவான். பக்கத்திலேயே அந்த ஆள் நின்று பார்ப்பார். தகராறு எண்ணில்தான் வரும்.

"ஓட்டத்துக்கு அறுபத்து நாலா? யாரு சொன்னது?" என்றார் கோல்கீப்பர்.

"நானே பார்த்தேன் மாமா."

"எப்ப பார்த்த?"

"போன வாரம் நாய் தொரத்துச்சே, அப்ப."

"நான் புடிபடலயே."

"கடிச்சிச்சா இல்லயா?"

கோல்கீப்பர் காலைப் பார்த்துக்கொண்டார்.

"கடிச்சிச்சு."

"அப்ப அறுபத்து நாலுதான்."

இப்படி இருபத்திரண்டு பேர். நான்கு மாதம் ஆனது. டயர் கடையிலிருந்து வந்து, கையில் கறுப்பு போகத் தேய்த்துக் கழுவி, சோறு சாப்பிட்டு உட்காருவான். ஒரு நாளைக்கு ஒரு மூக்கு, ஒரு நாளைக்கு ஒரு மீசை.

அப்பாவைக் கடைசியில்தான் செய்தான். அப்பா இளமையில் இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தோளில் துண்டோடு குளிக்கப் போனார். டிவியில் முன் மண்டை வழுக்கையாக ஒரு ஆள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து நின்றார்.

"அது யாரு?"

"நீங்கதான்பா."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இந்த ஆளுக்கு வயிறே இல்லயே."

"வயிறு வைக்க இதுல எடம் இல்லம்மா."

அப்பா குளிக்கப் போகவில்லை. அரை மணி நேரம் நின்றபடி பார்த்தார். மறுநாள் லோரி கொட்டகையில் அவர் சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. என் மகன் செஞ்சது, என்றாராம். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து அவர் அண்ணனை என் மகன் என்று வெளியில் சொன்னதில்லை. அதைக் கேட்ட அன்று அண்ணன் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

அந்த இருபத்திரண்டு பேரும் அந்தக் கார்டில் இருந்தார்கள். அண்ணனுக்கு வீட்டில் கிடைத்த மரியாதையும் அதில்தான் இருந்தது. எனக்கு அது அப்போதே தெரியும்.

கார்டை என்னிடம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. அவன் வேலைக்குப் போனபின் தோட்டத்துப் பையன்கள் விளையாட வருவார்கள். விளையாடிவிட்டு, அவன் சேமித்து வைத்த சேவ் மேலேயே தங்களுடையதை எழுதிவிடுவார்கள்.

"நீ விளையாட மாட்ட. அதனால உன்கிட்ட இருக்கட்டும்," என்றான்.

சில விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னான். விளக்கு மின்னும்போது கார்டில் கை வைக்காதே. பழையதன் மேல் எழுதாதே, பக்கத்தில் புதிதாக எழுது. டிஸ்க் மாறினால் முதலில் இன்னொரு கார்டில் காப்பி எடு, அப்புறம் புது டிஸ்கைப் போடு. எந்த டிஸ்கில் செய்த சேவோ அந்த டிஸ்கில் திற. மாத்தின டிஸ்க் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, ஒன்றில் ஏழாம் நம்பர் ஆள் இன்னொன்றில் எழுபதாம் இடத்தில் இருப்பான், என்றான். நான் தலையாட்டினேன். மஞ்சள் பால்மாவு டின்னில் கார்டைப் போட்டு என் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

வாரா வாரம் அவன் இரண்டாவது கார்டில் காப்பி எடுப்பான். ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும் டீம் செய்ய வேண்டுமே. அவர்களிடம் கார்டு இல்லை. இரண்டாவது கார்டை அண்ணன் அவர்களிடம் கொடுத்தான். எதிராளிக்குக் கொடுக்கிறாயே என்று கோல்கீப்பர் கேட்டார். அவங்களும் அவங்க மூஞ்சியோட வந்தாதான் நாம ஜெயிக்கிறதுல ருசி, என்றான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு பேர் என்றேன். கடைசியில் ஒரு இடம் காலியாக இருந்தது. மாற்று ஆட்டக்காரர் இடம். அதில் அண்ணன் என்னைச் செய்து வைத்திருந்தான். இருப்பதிலேயே குட்டை. நீள முடி. யாருக்கும் காட்டவில்லை. எனக்கு மட்டும் ஒரு தடவை காட்டினான். கடைசி வரிசை ஆளை யாரும் ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள். அதனால் யாருக்கும் தெரியாது.

எனக்கு அந்த ஆள் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவோடு பாசார் மாலாமுக்குப் போனேன். மறுநாள் ஆயுத பூஜை. பொரி, கடலை, எலுமிச்சம்பழம் வாங்கப் போனோம். டிஸ்க் விற்கிற கடை முதலாளி, தவுக்கே, என்னைப் பார்த்துக் கைகாட்டினார். சீனர். எங்களோடு பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுவார். அண்ணன் சொல்லிவைத்திருந்த, அதே பந்து கேமின் புது டிஸ்க் வந்திருந்தது.

"தங்கச்சி, புதுசு. எழுத்து எல்லாம் மலாய். ஜப்பான் இல்ல. படிக்கலாம்."

"பழைய சேவ் இதுல ஓடுமா தவுக்கே?"

"போலே, போலே."

முடியும் என்று அர்த்தம். அவர் எதைக் கேட்டாலும் போலே என்பார். டிஸ்கை வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். அப்பா பூஜைக்கு லோரி கழுவக் கொட்டகைக்குப் போய்விட்டார். அம்மா வாசலில் கத்தி, மண்வெட்டி, கொக்கி எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜப்பான் எழுத்தில் ஆளை இறக்க எனக்குத் தெரியாது, மலாய் என்றால் படித்தே இறக்கலாம் என்று நான் டின்னை எடுத்தேன்.

காப்பி எடுக்க இரண்டாவது கார்டு இல்லை. அது தெரிந்துதான் செய்தேன். பார்க்கத்தானே போகிறேன், சேவ் செய்யவா போகிறேன் என்று நினைத்தேன்.

புது டிஸ்க் ஓடியது. எழுத்து மலாயில் இருந்தது. சந்தோஷமாகப் படித்தேன். எங்கள் டீமைத் திறந்தேன். திறந்தது. ஆனால் ஆட்கள் கலைந்திருந்தார்கள். கோல்கீப்பர் பெயரில் ஒரு மஞ்சள் முடிக்காரன் நின்றான். அப்பாவின் வழுக்கைத் தலை வேறு யாரோ பெயரில் இருந்தது. கடைசி இடத்தைப் பார்த்தேன். என் பெயர் இருந்தது. தாடி வைத்த ஆள்.

போதும் என்று வெளியே வர அமுக்கினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. பழையதன் மேல் எழுதவா என்று மலாயில் நன்றாகவே கேட்டது. நான் படித்தேன். வேண்டாம் என்று நினைத்தேன். பெருக்கல் குறியை அமுக்கினேன்.

புது டிஸ்கைச் செய்தவர்கள் எழுத்தோடு பொத்தானையும் மாற்றியிருந்தார்கள். அதில் பெருக்கல் குறிதான் சரி. வட்டம்தான் வேண்டாம்.

கோடு ஒன்று இடது பக்கமிருந்து நிரம்பிக்கொண்டு போனது. விளக்கு மின்னியது. கார்டைப் பிடுங்கலாமா என்று கை போனது. மின்னும்போது தொடாதே என்று சொல்லியிருக்கிறானே என்று கையை எடுத்துக்கொண்டேன். கோடு நிரம்பி முடிந்தது.

பழைய டிஸ்கைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் கலைந்தேதான் இருந்தது. செட்டை நிறுத்தினேன். கார்டை டின்னில் போட்டேன். சாயந்திரம் அண்ணன் வந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தேன்.

மாலையில் அம்மா சாமி மேடை முன்னால் பலகை போட்டு எல்லாவற்றையும் அடுக்கினார். கத்தி, மண்வெட்டி, அப்பாவின் ஸ்பானர்கள், லோரிச் சாவி, என் புத்தகப் பை, தையல் கத்தரி. அடுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணனோட அந்தக் கறுப்புச் சாமானயும் எடுத்துட்டு வா."

"அதுக்கு எதுக்கும்மா?"

"அதுலதான நாலு மாசமா கெடக்கிறான். அவன் ஆயுதம் அதுதான. கொண்டா."

நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா ஈரத்துணியால் துடைத்தார். நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் ஒன்று. பிறகு வாய்ப் பக்கத்தைப் பார்த்தார். பித்தளைப் பல் பளபளவென்று இருந்தது. விளக்குக்கு வைக்கிற மாதிரி அதிலும் ஒன்று வைத்தார். விரலை உள்ளே விட்டு நன்றாக வைத்தார்.

அண்ணன் வந்து குளித்துவிட்டுக் கும்பிட்டான். பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. அவனும் தொடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

காலையில் அவன் கார்டை எடுத்தான். வாயைப் பார்த்தான். அலமாக், அதாவது ஐயோ, என்றான். மெதுவாகத்தான் சொன்னான். சந்தனம் பல்லில் காய்ந்து கட்டியாக இருந்தது. செட்டில் சொருகினான். கார்டு இல்லை என்று காட்டியது. பழைய பல் துலக்கும் பிரஷ், ஸ்பிரிட், பஞ்சு எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் சுத்தம் செய்தான். மறுபடி சொருகினான். கார்டு வந்தது. டீமைத் திறந்தான். மஞ்சள் முடிக்காரன் நின்றான்.

அவன் ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு போனான். இருபத்து மூன்று வரைக்கும் போனான். அம்மா பின்னால் வந்து நின்றார். கையில் பொரித் தட்டு.

"என்னப்பா ஆச்சு?"

"சந்தனம் உள்ள போயிருச்சும்மா."

"நல்லதுக்குத்தானப்பா வச்சேன்."

"நாலு மாசம்மா," என்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவில், மூன்றடி தூரத்தில்தான் நின்றேன். சந்தனம் கார்டைப் படிக்கவிடாமல் செய்யும், உள்ளே இருக்கும் ஆட்களைக் கலைக்காது. அதை அந்த வீட்டில் அறிந்தவள் நான் ஒருத்திதான். பொரியில் ஒரு பிடி எடுத்துத் தின்றேன்.

அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனான். இரண்டாவது கார்டில் பழைய காப்பி இருக்கும் என்று நினைத்தான். மழையில் நனைந்து திரும்பினான்.

"எடம் பத்தலன்னு அழிச்சிட்டாங்களாம்," என்றான்.

விஷயம் தோட்டம் பூராவும் போய்விட்டது. கோல்கீப்பர் வந்து டிவியைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சந்தனத்தப் போட்டு எல்லாரயும் கலக்கிட்டியே தங்கச்சி! என்னை வெள்ளக்காரனா ஆக்கிட்டியே!"

அம்மாவைத்தான் தங்கச்சி என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் நல்ல மனிதர். அம்மாவுக்கு மனசு லேசாகட்டும் என்றுதான் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அம்மா சிரிக்கவில்லை. அன்று மாலை அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"இனிமே கரண்டு சாமான் எதுலயும் நீ கை வைக்காத. உனக்குத் தெரியாத விஷயம்."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்புப் பக்கம் பார்த்து நட என்பது மாதிரி சொன்னார். நல்லது சொன்னதாக நினைத்திருப்பார்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அண்ணன் மறுபடி செய்து பார்த்தான். உயரம் சுவரில் இருந்தது. மற்ற எண் எதையும் அவன் எழுதி வைக்கவில்லை. ஆட்களைக் கேட்டான். கோல்கீப்பர் தன் ஓட்டம் எண்பத்தெட்டு என்று சத்தியம் செய்தார். இன்னொருவர் தலையால் முட்டுவதில் தனக்குத் தொண்ணூற்றைந்து போட்டதாகச் சொன்னார். ஒருவருக்குக் கூட்டிப் போட்டால் இன்னொருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. அந்த எண்களுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கார்டு. நான்காம் நாள் அண்ணன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

ஆட்டம் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. பெரிய டிவி, முன்னால் பாய். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டாவது கார்டோடு வந்தார்கள். அவர்கள் ஆட்கள் எல்லாரும் திரையில் அவரவர் மூஞ்சியோடு இருந்தார்கள். ஒரு கோல் விழுந்தால், அதை அடித்த ஆளே கூட்டத்தில் எழுந்து நின்று கும்பிடுவார். அவர்கள் பக்கம் விசில் பறந்தது. அண்ணன் டிஸ்கில் தயாராக இருந்த ஏதோ ஒரு வெளிநாட்டு டீமை வைத்து ஆடினான். நன்றாகத்தான் ஆடினான்.

"நம்ம கோல் கம்பத்துல யாரு?" என்று கோல்கீப்பர் கேட்டார்.

"யாரோ ஒரு வெள்ளக்காரன் மாமா."

"அவனுக்கு என் தீபாவளி வாழ்த்தச் சொல்லிரு," என்று எழுந்து போனார்.

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். அப்பா கடைசி வரை இருந்தார். இருந்தார், ஆனால் திரையைப் பார்க்கவில்லை. கப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. அம்மா மண்டபத்துக்கே வரவில்லை.

தீபாவளி முடிந்ததும் அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். கார்டுக்காகப் போகவில்லை. எப்படியும் போயிருப்பான், நம் ஊரில் யார் போகவில்லை. ஆனால் அப்பா லோரி கொட்டகையில் மறுபடி என் மகன் என்று சொன்னதாக நான் கேட்கவில்லை. கேம் செட்டை அவன் எடுத்துப் போகவில்லை. ஈரத்தில் துருப் பிடித்துப் போனது.

நான் அம்மாவைப் பற்றித்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார், சரியாகிவிடும் என்று இருந்தேன். அம்மா டிவி ரிமோட்டைத் தொடுவதை நிறுத்தினார். நாடகம் பார்க்க வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுவார். கைப்பேசி வந்தது. தொடவில்லை. பிறகு முகம் பார்த்துப் பேசுகிற கைப்பேசி வந்தது. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிடுவான். நான் பிடித்துக்கொள்வேன். அம்மா அதன் முன்னால் நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவார். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் முன்னால் நிற்கிற மாதிரி. பழைய காலத்து ஆள், அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டோம். என் கணவரும் அதையே சொன்னார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அப்பா ஆறு வருடத்துக்கு முன் காலமானார். அதன் பிறகு அம்மா கூலாய் டவுனில் எங்களோடு இருக்கிறார்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் மகனுக்குப் பதினான்கு. கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற கேம். நம் ஊர் பஸ், நம் ஊர் சாலை எல்லாம் மோட் போட்டு வைத்திருக்கிறான். ஒரு வருட சேவ். அது திறக்கவில்லை. அவன் எட்டு வயதுத் தங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீதான் கீபோர்ட தொட்ட. நீதான் கெடுத்த."

"நான் சும்மா தொட்டேன்."

"தொட்டல்ல!"

சின்னவள் அழ ஆரம்பித்தாள். சோபாவில் இருந்த அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"பாப்பாவத் திட்டாதப்பா. சில பேரு கை அப்படி. பாட்டி கையும் அப்படித்தான். நாம ஒன்னும் தொட வேண்டாம் கண்ணு. இப்படி வச்சுக்கோ."

பிள்ளையின் இரண்டு கையையும் எடுத்துப் பின்னால் கட்டிவைத்தார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். மகனிடம் கேட்டேன்.

"நேத்து எந்த மோட வெளிய எடுத்த?"

"ஒரு ரோடு மோட்தான். எடம் பத்தல."

"சேவ் அந்த ரோட்டுலதான நின்னுச்சு?"

அவன் யோசித்தான்.

"அதுக்கு மேல ஏதாவது சேவ் பண்ணியா?"

"இல்ல. திறக்கவே இல்லயே."

"பண்ணாத. முதல்ல அந்த சேவ் இருக்கிற ஃபோல்டர பென்டிரைவுல காப்பி எடு. தேதி போட்டுப் பேர் வை. அப்புறம் எடுத்த மோட, அதே வெர்ஷன, திருப்பிப் போடு. புதுசு போடாத."

பதினைந்து நிமிடத்தில் திறந்தது. பஸ் நிறுத்திய இடத்திலேயே நின்றது. அவன் மேலே எழுதவில்லை, அதனால் பிழைத்தது. இனிமேல் எந்த மோடை எடுத்தாலும் காப்பியில் எடுத்துப் பார், ஒழுங்காக ஓடினால் அப்புறம் உண்மையானதில் கை வை என்று சொன்னேன். தங்கையிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கேட்டான். அரை மனசோடு கேட்டான்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பாப்பா தொட்டதால இல்லயா?"

"இல்லம்மா. அவன் மோட எடுத்ததால."

அம்மா தன் இரண்டு கையையும் பார்த்தார்.

"அப்ப நான் சந்தனம் வச்சது?"

பிள்ளைகள் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டார்கள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். புது டிஸ்கைப் போட்டது, ஆட்கள் கலைந்தது, பெருக்கல் குறி, நிரம்பிய கோடு, மதியமே எல்லாம் முடிந்துவிட்டது, சாயந்திரம்தான் அம்மா சந்தனம் வைத்தார், எல்லாம். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"உங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அண்ணனுக்கு?"

"தெரியாதும்மா. யாருக்கும் சொல்லல."

"கும்பிட வைக்க நான் கேட்டப்ப, நீதான எடுத்துட்டு வந்து குடுத்த."

"ஆமா."

"குடுக்கும்போதே தெரியும்."

"தெரியும்."

அம்மா என்னை அடித்ததில்லை. அன்று அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து அடுப்படிக்குப் போனார். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மேசையில் இருந்த என் கைப்பேசியை எடுத்தார். எடுக்கும்போது இரண்டு கையாலும் எடுத்தார்.

"இதுல அவன எப்படிக் கூப்புடறது?"

நான் கையை நீட்டினேன்.

"நீ அமுக்காத. காட்டு மட்டும்."

காட்டினேன். அம்மா அமுக்கினார். தப்பான இடம். ஏதோ ஒரு படம் திறந்தது. கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"இப்ப எங்க?"

காட்டினேன். அமுக்கினார். மணி போனது. அண்ணன் முகம் வந்தது. தலையில் வேலைத் தொப்பி.

"என்ன பாப்பா, வேலையில இருக்கேன். சீக்கிரம் சொல்லு."

"நான்தான்," என்றார் அம்மா.

"அம்மாவா? என்னம்மா, எல்லாம் நல்லா இருக்கா? யாரு அமுக்கிக் குடுத்தா?"

"நானேதான் அமுக்கினேன். உன் தங்கச்சி உன்கிட்ட ஒன்னு சொல்லணும். வேலைய நிறுத்திட்டுக் கேளு."

என் பக்கம் திருப்பிப் பிடித்தார். கை ஆடவில்லை. அண்ணன் முகத்தைப் பக்கத்தில் கொண்டு வந்து பார்த்தான். அவனுக்கும் அப்பாவைப் போல முன் மண்டை வழுக்கையாகிவிட்டது.

"அண்ணே," என்றேன். "அந்தக் கார்டு."